கல்லான மரமும் கால் செருப்பும்

பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது செருப்பின் வார் அறுந்து போன அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லையென்று சொல்லும் சகோதரி பாக்கியசாலி. எனக்கு உண்டு. அதுவும் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை! மூன்றாம் தடவை, ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் செருப்புமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். என் மாமியார் அறுந்த வாரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அறுந்த இடம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"பார்த்தாயா! பாலிலே தண்ணீர், ரப்பரிலே சுண்ணாம்பு! உலகம் எங்கே உருப்படும்?" என்று தீர்ப்பு வழங்கிவிட்டார்.

மாமியார் தீர்ப்புக்கு அப்பீல் ஏது? நானும் அப்படித்தான் நம்பிக் கொண்டிருந்தேன். ஆனால் அந்தத் தீர்ப்பு பாதி சரி, பாதி தப்பு என்று பிற்பாடு தெரிந்து கொண்டேன். ரப்பரில் பொடி கலந்திருந்தது நிஜம்தான். ஆனால் பொடி கலப்பதே மோசடி என்பது நிஜமல்ல. பொடி கலக்காத ரப்பரைக் கொண்டு நீடித்து உழைக்கும் ஒரு டயரைச் செய்ய முடியாது; உழைப்பைத் தாங்கும் ஒரு பூட்ஸைச் செய்ய முடியாது. எந்தப் பொடி, எவ்வளவு நயமான பொடி, அதை எப்படிப் பக்குவப்படுத்திக் கலந்தார்கள் என்பதில்தான் சூட்சுமம் எல்லாம் அடங்கியிருக்கிறது.

இந்தச் சிந்தனை எனக்கு உண்டானது ஒரு தொழிற்சாலையில் அல்ல. வானூர் பக்கத்தில், ஒரு மரத்தடியில். மரத்தடி என்றால் நிழல் தரும் மரமல்ல. கல்லாய்ச் சமைந்து கிடக்கும் மரம்!

மரம் கல்லான கதை

விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் திருவக்கரை என்ற ஊர் இருக்கிறது. வக்ரகாளியம்மன் சந்நிதிக்காகப் பௌர்ணமி தோறும் ஜனங்கள் திரளாகப் போகும் ஊர். அம்மனைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில் செம்மண் மேட்டில் கல்மரப் பூங்கா ஒன்று உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1940ஆம் ஆண்டு முதல் பாதுகாத்து வரும் இடம். அறுத்துப் போட்ட அடிமரங்கள் போல அங்கங்கே கிடக்கின்றன. நார் ஓடுவது தெரிகிறது, கணு தெரிகிறது. "அட, விறகு!" என்று காலால் தட்டினால் உங்கள் கால்தான் வலிக்கும். அத்தனையும் கல்.

சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் எங்கோ வளர்ந்திருந்த மரங்கள் அவை. வெள்ளம் அடித்துக் கொண்டு வந்து மணலில் புதைத்துவிட்டது. கிளையும் இலையும் வழியிலேயே போய்விட்டன. மண்ணுக்குள் ஊறிய நீரில் சிலிக்கா என்ற சத்துக் கரைந்திருந்தது. மணலும் கண்ணாடியும் வேறென்ன? சிலிக்காதான். அந்த நீர் மரத்தின் ஒவ்வொரு கண்ணறையிலும் புகுந்து சிலிக்காவைத் தங்க வைத்துவிட்டுப் போயிற்று. அவசரமே இல்லை, யுகக்கணக்கில் நடந்த வேலை. உருவம் மரமாகவே இருக்க, உடம்பு கல்லாகிவிட்டது.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். இந்தக் கல்மரங்களில் சில, நம் புளிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை; சில, ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ரப்பர் மரமும் ஆமணக்குக் குடும்பம்தான்! ரப்பர் மரத்தின் தூரத்து உறவினர் உடம்பில் இயற்கை சிலிக்காவைப் புகுத்திய இடம் வானூர். அதே சிலிக்காவை அந்த மரத்தின் பாலில் புகுத்த மனிதன் என்ன பாடு பட்டான் என்பதுதான் இனி நான் சொல்லப் போகும் கதை.

வெள்ளை டயர் கறுப்பான கதை

ரப்பர் மரத்துக்குப் பிறந்த வீடு தென் அமெரிக்காவின் அமேசான் காடு. நம் பக்கத்துக்கு அது வந்தது 1876ஆம் ஆண்டில். லண்டனில் உள்ள கியூ தோட்டத்தில் முளைவிட்ட கன்றுகளைக் கப்பலேற்றி இலங்கைக்கு அனுப்பினார்கள். ஹெனரத்கொட என்ற இடத்தில் அவை வேரூன்றின. இன்று நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் காடு காடாக நிற்பவை அந்த வம்சம்தான்.

வெறும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும். குளிரில் விறைத்துக் கொள்ளும். 1839இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தத் தொல்லை தீர்கிறது என்று கண்டுபிடித்தார். இட்லி மாவு ஆவியில் வெந்து நிலைப்பது போல, ரப்பரும் கந்தகத்தோடு வெந்து நிலைப்பட்டது. ஆனாலும் ஒரு குறை. இழுத்தால் தாங்கியது, தேய்த்தால் தாங்கவில்லை. சாலையில் ஓடும் சக்கரத்துக்கு இழுப்பை விடத் தேய்ப்பு அல்லவா பெரிய சத்துரு?

அந்தக் காலத்து மோட்டார் டயர்கள் வெளுத்த நிறத்தில் இருந்தன. துத்தநாகத்தின் வெள்ளைப் பொடியை நிறையச் சேர்த்திருந்தார்கள். மிஷலின் டயர் விளம்பரத்தில் வரும் குண்டு மனிதர் ஏன் வெள்ளையாக இருக்கிறார் என்று யோசித்ததுண்டா? அவர் பிறந்த காலத்தில் டயர் கறுப்பாக இல்லை, அதனால்தான்! 1904ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சில்வர்டவுன் என்ற இடத்து ரப்பர் ஆலையில் மோட் என்பவர் கரிப்புகையைக் கலந்து பார்த்தார். கரிப்புகை என்றால் வேறொன்றுமில்லை. அகல் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்து நம் பாட்டிமார் மை எடுப்பார்களே, அதன் பெரிய அண்ணன். அந்த மை கலந்த ரப்பர், தேய்மானத்தை எதிர்த்து நின்ற அழகைப் பிற்பாடு உலகமே கண்டு கொண்டது. டயர் கறுப்பாயிற்று. வெயிலின் கடுமையிலிருந்தும் அந்தக் கறுப்பு ரப்பரைக் காப்பாற்றுகிறது.

நம் ஊர்க் கதையும் ஒன்று உண்டு. 1946ஆம் ஆண்டில் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்ய ஆரம்பித்தார் கே. எம். மம்மன் மாப்பிள்ளை. அதுதான் மதராஸ் ரப்பர் ஃபாக்டரி. 1952இல் தேய்ந்த டயர்மேல் ஒட்டும் 'டிரெட்' ரப்பர் செய்தார்கள். 1961இல் டயரே செய்தார்கள். பலூனுக்கும் டயருக்கும் மூலப்பொருள் ரப்பர்தான். ஆனால் ஒன்று ஊசி பட்டால் வெடிக்கிறது, மற்றது கல்லிலும் முள்ளிலும் உருள்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசங்களில் ஒன்று, பலூனில் பொடி மிகச் சொற்பம். டயரின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு பொடி!

பொடிக்கும் முகம் உண்டு

பொடி சேர்த்தால் வலு எப்படி வரும்? சோற்றில் மண் விழுந்தால் சோறா வலுக்கிறது? நியாயமான கேள்வி.

ரப்பர் என்பது நீள நீளமான நூல்கள் சிக்கிக் கிடக்கும் ஒரு கூடை என்று வைத்துக் கொள்ளுங்கள். இழுத்தால் நூல்கள் நீளும். ஓரிடத்தில் ஒரு நூல் அறுந்தால், அதன் பாரம் பக்கத்து நூலின் மேல் விழும், அதுவும் அறும். கிழிசல் ஓட ஆரம்பித்துவிடும். புடைவையில் ஒரு சின்னக் கிழிசல் ஓடுவதை நீங்கள் பார்க்காததா? இந்த நூல்களுக்கு நடுவே மிக நுண்ணிய துகள்கள் இருந்து, நூல்கள் அவற்றின்மேல் ஒட்டிக் கொண்டிருந்தால், ஒரு நூலின் பாரத்தைத் துகள் வாங்கிப் பல நூல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். கிழிசல் ஓடி வந்து துகளில் முட்டிக்கொண்டு நிற்கும். சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

ஆனால் இதற்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, துகள் நயமாக இருக்க வேண்டும். பருமனான துகள், கிழிசலைத் தடுப்பதற்குப் பதில் தானே கிழிசலுக்குப் பிள்ளையார் சுழி போட்டுவிடும். சாதாரணமாக அரைத்த சுண்ணாம்புக்கல் பொடி அப்படித்தான். இரண்டாவது, துகளின் மேற்பரப்பு, அதாவது அதன் முகம், ரப்பருக்குப் பிடித்தமாக இருக்க வேண்டும். ஒட்டாத துகள், இழுக்கும்போது ரப்பரை விட்டுப் பிரிந்து அங்கே ஒரு சின்ன ஓட்டையை உண்டாக்கும். என் செருப்பு வாரின் வெள்ளைத் தழும்பு அப்படி வந்ததுதான்.

நயம் என்றால் எவ்வளவு நயம்? டயரில் சேர்க்கும் நல்ல சிலிக்காப் பொடியில் ஒரு கிராம் எடுத்து, அதன் துகள்களின் மேற்பரப்பையெல்லாம் விரித்துப் பரப்பினால் 150 முதல் 175 சதுர மீட்டர் வரும். கிட்டத்தட்ட முக்கால் கிரவுண்டு! ஒரு சிட்டிகைப் பொடிக்குள் ஒரு வீட்டு மனை அடங்கியிருக்கிறது.

சிலிக்காவுக்கு நடந்த கல்யாணம்

கரிக்கும் ரப்பருக்கும் இயல்பாகவே பொருத்தம் இருந்தது. வெள்ளைப் பொடியான சிலிக்காவுக்கு அந்தப் பொருத்தம் இல்லை. சிலிக்காவின் முகம் தண்ணீரை விரும்பும் முகம்; ரப்பரோ எண்ணெய்க் குணம் உள்ளது. எண்ணெயும் தண்ணீரும் என்றைக்கு ஒட்டியிருக்கின்றன? ரப்பரில் போட்ட சிலிக்கா, தன் இனத்தோடேயே கட்டி கட்டியாய்ச் சேர்ந்து கொண்டது. கொதிக்கும் குழம்பில் கரைக்காமல் கொட்டிய அரிசி மாவு போல.

மாவு கட்டி தட்டாமல் இருக்க நாம் என்ன செய்கிறோம்? முறுக்குக்கு மாவு பிசையும்போது, தண்ணீர் விடுவதற்கு முன்பு வெண்ணெயோ சூடான எண்ணெயோ விட்டுப் பிசிறிக் கொள்கிறோம் அல்லவா? ரப்பர்க்காரர்கள் கண்டுபிடித்ததும் இதே மாதிரி ஒரு பக்குவம்தான். மிக நுண்ணிய சுண்ணாம்புப் பொடிக்கு ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பைப் பூசினார்கள். சோப்பிலும் மெழுகுவர்த்தியிலும் உள்ள பொருள்தான். பூசிய பொடி கட்டி தட்டாமல் ரப்பருக்குள் வழுக்கிக் கொண்டு பரவியது.

சிலிக்காவுக்கு இந்தப் பூச்சு போதவில்லை. அதற்குச் 'சிலேன்' என்ற ஒரு ரசாயனப் பொருளைத் தேடிப் பிடித்தார்கள். அதற்கு இரண்டு கைகள். ஒரு கையால் சிலிக்காவைப் பிடித்துக் கொள்ளும். கந்தகம் உள்ள மறு கையால், ரப்பர் வேகும்போது ரப்பர் நூலைப் பிடித்துக் கொள்ளும். கல்யாணத் தரகர் ஜாதகத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இந்தத் தரகர் போவதே இல்லை; இரண்டு பேர் கையையும் பிடித்தபடி கடைசிவரை நடுவிலேயே நிற்கிறார்!

இந்தச் சம்பந்தம் பெரிய அளவில் பலித்தது பிரான்ஸில். மிஷலின் நிறுவனத்தின் ரோலாண்ட் ரௌலின் என்பவர் வகுத்த முறைப்படி, 1992ஆம் ஆண்டில் கரிக்குப் பதிலாகப் பெரும்பாலும் சிலிக்கா கலந்த கார் டயர் வெளிவந்தது. உருளும்போது வீணாகும் சக்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. பெட்ரோல் மிச்சம். மழைச் சாலையில் பிடிப்பும் நன்றாக இருந்தது. அடை மழையில் பிள்ளைகளைக் காரில் அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக் கொண்டிருக்கும் தாய்மார்களுக்கு இந்த விஷயம் அற்பமாகத் தோன்றாது.

டயர் கிடக்கட்டும், உங்கள் சமையலறைக்கே வாருங்கள். சில குக்கர்களில் வெள்ளையாக, மிருதுவாக ஒரு வளையம் இருக்கிறதே, சிலிகோன் ரப்பர் வளையம். அதில் பொடி மட்டும் இல்லாவிட்டால் அல்வாத் துண்டு மாதிரி பிய்ந்து வந்துவிடும். முகம் பக்குவப்படுத்திய நுண்ணிய சிலிக்காவைச் சேர்த்த பிறகு அதன் வலு பத்து மடங்குக்கும் மேல் கூடுகிறது. பொடிதான் அங்கே முதுகெலும்பு!

உப்பளத்தில் கண்ட பூட்ஸ்

திருவக்கரையிலிருந்து நாங்கள் கிழக்கே திரும்பினோம். வழியில் கழுவெளி ஏரி கடல் மாதிரி விரிந்து கிடந்தது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். அதைச் சுற்றிக்கொண்டு போனால் மரக்காணத்து உப்பளங்கள். பாத்தி பாத்தியாய் வெயில் பளபளக்கிறது. பலகையால் உப்பை வாரிக் கரை சேர்க்கிறார்கள் ஆண்கள். கூடை கூடையாய்த் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுகிறார்கள் பெண்கள்.

வரப்பின் ஓரத்தில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கிடந்தது. பக்கத்தில் வெறுங்காலோடு கூடையை இறக்கி வைத்த அம்மாளிடம், "பூட்ஸைப் போட்டுக் கொள்ளக் கூடாதா அம்மா?" என்று கேட்டேன்.

"போட்டுக்கினுதாம்மா இருந்தேன். ரெண்டு மாசத்துல மடிப்புல வெடிச்சிப் போச்சு. வெடிச்ச பூட்ஸுல உப்புத் தண்ணி பூந்தா வெளியே போகாதும்மா. நாளெல்லாம் கால் உள்ளேயே ஊறும். அதுக்கு வெறுங்காலே தேவலை" என்றார்.

பூட்ஸை எடுத்துப் பார்த்தேன். பார்வைக்குக் குறையில்லை. ஆனால் கையில் கனத்தது. பாதம் மடங்கும் இடத்தில் குறுக்கே வெடிப்பு. வெடிப்பின் ஓரம் வெள்ளைப் பொடி. என் செருப்பு வாரின் அதே தழும்பு! எனக்கு வார் அறுந்தால் ஒரு பஸ் போயிற்று. அந்த அம்மாளுக்குப் பூட்ஸ் வெடித்தால் காலில் புண் வந்து விடுகிறது. உப்பு நீரில் நிற்கும் காலில் புண் சீக்கிரம் ஆறுமா?

சுற்றிலும் பார்த்தேன். வேடிக்கையாக இருந்தது. விழுப்புரம் மாவட்டத்துக் கனிமங்களில் சிலிக்கா மணலும் வெண்களிமண்ணும் உண்டு. காலடியில் உப்பு. உப்பையும் சுண்ணாம்புக் கல்லையும் கொண்டு ஆலைகளில் சோடா செய்கிறார்கள். சோடாவையும் மணலையும் சேர்த்து உருக்கினால் நீரில் கரையும் ஒரு கண்ணாடி கிடைக்கிறது. அந்தக் கரைசலில் கந்தகத் திராவகத்தை விட்டால், எலுமிச்சம் பழம் பிழிந்த பால் திரிவது போலச் சிலிக்கா வெண்மையாகத் திரிந்து இறங்குகிறது. அதைக் கழுவி உலர்த்தினால், நான் மேலே சொன்ன நயம் பொடி. வானூர்ப் பக்கத்து நெல் வயல்களைப் பார்த்தீர்களானால் அங்கேயும் சிலிக்காதான். உமியை எரித்த சாம்பலில் பெரும் பங்கு சிலிக்கா. அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் உமிச் சாம்பலிலிருந்து எடுத்த சிலிக்காவைச் சில டயர்களில் சேர்த்து வருகிறது. நம் பாட்டி உமிக்கரியால் பல் விளக்கினாள். அவர்கள் டயர் செய்கிறார்கள்!

மணலும் உப்பும் உமியும் மலிந்து கிடக்கும் கரையில், அந்த உப்பை வாருகிற காலுக்கு ஒரு நல்ல பூட்ஸ் இல்லை. பொருள் இல்லாத குறையல்ல. வித்தை தெரியாத குறையும் அல்ல. விலையைக் குறைக்கப் பக்குவமில்லாத பொடியை அள்ளிக் கொட்டினால், கடைசியில் அந்த விலையைக் கொடுப்பது யார் என்று யோசிக்க வேண்டும்.

கடையில் நீங்கள் செய்ய வேண்டியது

ஆகையால் சகோதரிகளே, அடுத்த தடவை ரப்பர் சாமான் வாங்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்குவோமா? அதே சாமர்த்தியத்தை இங்கேயும் காட்டலாம்.

முதலில் கையில் எடுத்து எடை பாருங்கள். சுண்ணாம்புக்கல் பொடி ரப்பரைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். ஒரே அளவுள்ள இரண்டில் ஒன்று மட்டும் அநியாயமாகக் கனத்தால், பொடி அதிகம் என்று சந்தேகியுங்கள்.

பிறகு வாரை விரலால் மடித்துப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு தோன்றி, விட்ட பிறகும் மறையாமல் நின்றால் அதை வைத்துவிடுங்கள். மெதுவாக இழுத்து விட்டால் சட்டென்று பழைய நீளத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பேறித்தனமாகத் திரும்பினால் நல்லதல்ல.

வீட்டுக்கு வந்த பிறகு உங்கள் பொறுப்பும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் கடும் வெயிலும் ரப்பருக்கு ஆகாது. குக்கர் வளையத்தைக் கழுவித் துடைத்து நிழலில் வையுங்கள். விறைத்துப் போனாலோ வெடிப்பு விட்டாலோ "இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம்" என்று பார்க்காதீர்கள்.

பொடி அதிகமான ரப்பர் எல்லாமே மட்டம் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். குழந்தையின் அழிரப்பரில் பொடி நிறையத்தான் இருக்கும். அது உதிர்ந்தால்தான் எழுத்து அழியும்!

ஊருக்குத் திரும்பியதும் மாமியாரிடம் இத்தனையையும் விஸ்தாரமாகச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"பொடி கலந்தது தப்பில்லை, பக்குவம் இல்லாமல் கலந்ததுதான் தப்பு என்கிறாய். இதைத்தானே உன் ரசத்தைப் பற்றி நான் இத்தனை வருஷமாகச் சொல்லிக் கொண்டிருக்கிறேன்?" என்றார்.

இதற்கும் அப்பீல் இல்லை. ஆனால் மறு வாரம் கடைத்தெருவில் அவர் ஒரு செருப்பு வாரை மடித்துப் பார்த்து, கடைக்காரரிடம் அதைத் திருப்பிக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.